சத்தம் போடாத குட்டிக் கணினி: குறைந்த வாட் பிராசசர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டில் இப்போது மூன்று குட்டிக் கணினிகள் ஓடுகின்றன. ஒன்று ஆபீஸில் கழித்துக் கட்டியதை வாங்கியது, ஒன்று புது என்100 (இன்டெலின் 6 வாட் பிராசசர்) பெட்டி, ஒன்று நானே பார்ட்ஸ் வாங்கிக் கட்டியது. இதைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாக வாட்ஸப்பில் தட்டி விரல் வலிக்கிறது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டி என்ற எழுத்தில் முடிகிற இன்டெல் பிராசசர் வாங்கினால் கரண்ட் பில் குறையுமா?

பெரும்பாலான வீடுகளில் குறையாது. எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐ5-12400 என்று ஒரு பிராசசர், ஐ5-12400டி என்று இன்னொன்று. இரண்டிலும் 6 கோர் (உள்ளே வேலை செய்யும் தனித்தனி மூளைகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலைகள்), ஒரே தலைமுறை. முதலாவது 65 வாட், இரண்டாவது 35 வாட். இதைப் படித்தவுடன் பாதி கரண்ட் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த எண் வேலை கொடுத்தால் எவ்வளவு வரை குடிக்கலாம் என்கிற வரம்பு. சும்மா இருக்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பள்ளி வேனில் ஸ்பீட் கவர்னர் மாட்டியிருப்பார்கள் இல்லையா, அதுபோலத்தான். டீக்கடை முன்னால் என்ஜினை அணைக்காமல் நிற்கும்போது கவர்னர் மாட்டிய வேனும் மாட்டாத வேனும் ஒரே அளவு டீசலைத்தான் குடிக்கும். வீட்டுக் கணினியும் நாளின் பெரும்பகுதி டீக்கடை முன்னால்தான் நிற்கிறது. மெயில் படிக்கிறோம், பாட்டு கேட்கிறோம், எக்செல் திறந்து வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்போது இரண்டு பிராசசர்களும் ஒரே மாதிரித் தூங்குகின்றன.

வீடியோ என்கோடிங் மாதிரி மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுகிற வேலையாக இருந்தால் டி வகை குறைவாக இழுக்கும், உண்மைதான். ஆனால் அதே வேலையை முடிக்கக் கூடுதல் நேரமும் எடுத்துக்கொள்ளும். மொத்தக் கணக்கில் கொஞ்சம் மிச்சமாகலாம், பாதியாகிவிடாது.

பெட்டியில் 35 வாட் என்று போட்டிருந்தால் அதற்கு மேல் போகாதுதானே?

போகும். இன்டெல் பிராசசர்களுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. பிஎல்1 என்பது நீண்ட நேரத்துக்கு, பிஎல்2 என்பது கொஞ்ச நேரப் பாய்ச்சலுக்கு. 12400டி-யின் பிஎல்1 35 வாட், பிஎல்2 74 வாட். சாதாரண 12400-க்கு 65, 117. ஐ9-13900டி என்று ஒன்று இருக்கிறது, 24 கோர் வைத்துக்கொண்டு 35 வாட் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும், பாய்ச்சலில் 106 வாட் வரை போகும். அதை 35 வாட்டுக்கான கூலரோடு தீப்பெட்டி மாதிரி ஒரு கேஸில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கெட்டுப்போகாது, தன்னைத் தானே இறக்கிக்கொள்ளும், அதற்குள் ஃபேன் ஒரு பாட்டம் கத்தி முடித்திருக்கும்.

அந்தப் பாய்ச்சல் வழக்கமாக அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த நேரத்தையும் வரம்பையும் மதர்போர்டு தயாரிப்பாளர் மாற்றி வைக்கலாம், பல போர்டுகளில் தாராளமாகவே மாற்றி வைக்கிறார்கள். வாங்கியவுடன் பயாஸுக்குள் (கணினி ஆன் ஆகும்போது திறக்கிற அடிப்படை அமைப்புத் திரை) போய் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்படியென்றால் டி வகையை ஏன் தயாரிக்கிறார்கள்?

ஒரு லிட்டர் பெட்டிகளுக்காக. லெனோவோவின் திங்க்சென்டர் டைனி, டெல்லின் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, எச்பி-யின் எலைட்டெஸ்க் மினி, இவையெல்லாம் கொள்ளளவில் ஒரு லிட்டர் பால் பாக்கெட்டைவிடச் சற்றுத்தான் பெரிசு. உள்ளே லேப்டாப் பாணிக் கூலர், வெளியே 65 அல்லது 90 வாட் அடாப்டர். அந்த அடாப்டரும் அந்தக் கூலரும் தாங்குகிற அளவுக்குப் பிராசசரைத் தொழிற்சாலையிலேயே கட்டிப்போட்டுத் தர வேண்டும், அதற்குத்தான் டி. பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகப் போகும், சில்லறைக் கடையில் அதிகம் கண்ணில் படாது. தனியாகத் தேடிப் பிடித்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சாதாரண 65 வாட் பிராசசரை நானே 35-க்கு இறக்கிக்கொள்ள முடியுமா?

முடியும், அதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். பயாஸில் பவர் லிமிட் என்று தேடுங்கள். பிஎல்1-ஐ 35, பிஎல்2-ஐ 50 என்று வைத்துச் சேமித்தால் முடிந்தது வேலை. மலிவான சில போர்டுகளில் இந்த வசதியை மறைத்து வைத்திருப்பார்கள், வாங்குவதற்கு முன் அந்த மாடலின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். ஏஎம்டி ரைசன் என்றால் ஈகோ மோட் என்றோ சிடிடிபி என்றோ இருக்கும். 5600ஜி மாதிரி 65 வாட் பிராசசரை 45-க்கு இறக்குவது ஒரு நிமிட வேலை. ஏஎம்டியில் 65 வாட் என்பது சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) அளவில் 88 வாட் வரை அனுமதி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸ் பக்கமே போகப் பயமாக இருந்தால் விண்டோஸில் ஒரு குறுக்குவழி. பவர் பிளானின் மேம்பட்ட அமைப்புகளில் பிராசசரின் அதிகபட்ச நிலை 100 சதவீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்கினால் டர்போ (தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி) அணைந்துவிடும். ஒரே ஒரு சதவீதம்தான், ஆனால் ஃபேன் சத்தத்தில் ஏகப்பட்ட வித்தியாசம் தெரியும். கொஞ்சம் முரட்டு வழி, வேகமும் கணிசமாக விழும், ஆனாலும் இரவில் குழந்தை தூங்கும்போது எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

வாட்டைப் பாதியாக்கினால் வேகமும் பாதியாகுமே?

ஆகாது. சில்லு இழுக்கிற மின்சாரம், வேகத்தையும் வோல்டேஜின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருகிற அளவில் ஏறும். கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸை எட்டுவதற்காக வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, அங்கேதான் வாட் எகிறுகிறது. அந்த உச்சியைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் மின்சாரம் நிறையக் குறையும், வேகம் கொஞ்சம்தான் குறையும். ஒரு கோர் மட்டும் ஓடுகிற வேலைகளில் இந்த வரம்பை எட்டவே போவதில்லை, பிரவுசரில் பக்கம் திறக்கும் வேகத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

என்100 போதுமா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. 2023 தொடக்கத்தில் வந்தது. 4 கோர், 4 த்ரெட், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை. நான்குமே சின்ன கோர்கள், லேப்டாப்பில் பெரிய கோர்களுக்குத் துணையாக வருமே, அந்த ரகம். ஒவ்வொரு கோரும் ஆறாம் தலைமுறை ஐ5-இன் கோருக்குக் கிட்டத்தட்ட ஈடு கொடுக்கும். யூடியூப், ஆன்லைன் வகுப்பு, டேலி, வேர்டு, வீட்டுக் கோப்புகளை வைக்கும் சர்வர் இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். இதன் கிராஃபிக்ஸ் ஏவி1 (யூடியூப் அனுப்பும் ஒரு வீடியோ சுருக்க வகை) வீடியோவை நேரடியாகவே பிரிக்கும் என்பதால் 4கே வீடியோ ஓடும்போதும் பிராசசர் வியர்க்காது.

நாற்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஃபோட்டோஷாப்பும் ஓட வேண்டும் என்றால் வேண்டாம். மெமரி ஒரே சானல்தான் (தரவு போய்வர ஒரே பாதை), பெரும்பாலான பெட்டிகளில் ஒரே ஒரு ரேம் ஸ்லாட். இன்டெல் கணக்கில் 16 ஜிபி வரைதான் அனுமதி, 32 போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. சில மலிவுப் பெட்டிகளில் ரேம் போர்டோடு சால்டர் செய்தே வரும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, 6 வாட் என்று இன்டெல் சொல்வதை நம்பிப் பெட்டியும் 6 வாட்தான் குடிக்கும் என்று நினைக்காதீர்கள். பெட்டி செய்கிறவர்கள் வரம்பை 15 வாட், அதற்கு மேலும் கூட உயர்த்தி வைக்கிறார்கள், வேகச் சோதனையில் நல்ல மதிப்பெண் வர வேண்டுமே! அதோடு ரேம், எஸ்எஸ்டி, வைஃபை, அடாப்டரில் வீணாவது எல்லாம் சேரும். என்னுடைய பெட்டி சும்மா இருக்கும்போது சுவரில் 8 வாட், முழு வேலை கொடுத்தால் 22 வாட் காட்டுகிறது.

என்95 என்பதைத் தள்ளுபடியில் பார்த்து ஏமாற வேண்டாம். பெயரில் 5 எண்தான் குறைவு, ஆனால் அது 15 வாட், கிராஃபிக்ஸும் சிறியது. என்150 என்பது 2025-இல் வந்தது, என்100-க்குப் புதுச் சட்டை போட்ட மாதிரி, வேகம் ஒரு நூல் அதிகம். விலை ஒன்றாக இருந்தால் வாங்குங்கள்.

புது என்100-ஆ, பழைய ஆபீஸ் குட்டிப் பெட்டியா?

எனக்குப் பழைய பெட்டிதான் பிடிக்கும், ஆனால் அது கையை அழுக்காக்கிக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கு.

ஐ5-8500டி உள்ள பெட்டி ஒன்றைத் தேடுங்கள். 2018 வகை, 6 கோர், 35 வாட். எல்லா கோரும் சேர்ந்து உழைக்கிற வேலையில் என்100-ஐத் தாண்டும். இரண்டு ரேம் ஸ்லாட் இருக்கும். எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஆறாம் தலைமுறை 6500டி இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, லினக்ஸ் போடுகிறவர்கள் மட்டும் அதைப் பார்க்கலாம். 8500டி-யின் ஒரே பெரிய குறை, ஏவி1 வீடியோவைப் பிரிக்கும் வன்பொருள் அதில் இல்லை, யூடியூப் அந்த வகையில் அனுப்பினால் கோர்கள் உழைக்கும், ஃபேனும் எழுந்துகொள்ளும்.

நான் வாங்கிய பெட்டி வந்த நாளில் கொசு பேட்டை அழுத்திக்கொண்டே இருப்பதுபோல் சன்னமாகக் கீச்சிட்டது. திறந்து பார்த்தேன். கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் இருந்த பேஸ்ட் காய்ந்து சுவரில் உரியும் சுண்ணாம்பாட்டம் உதிர்ந்தது. கூலரின் செப்புத் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் இடையில் தூசி ஒரு கம்பளியாகவே படிந்திருந்தது. பழைய டூத்பிரஷ், கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால், பட்டாணி அளவு புதுப் பேஸ்ட், அரைமணி நேரம். அதற்கப்புறம் ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அடாப்டர் விஷயம் முக்கியம். பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் வந்து, “அண்ணா, புதுசா வாங்கின பெட்டி நோட்பேட் திறக்கவே நேரம் எடுக்குது”ன்னான். போய்ப் பார்த்தால் பிராசசர் 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவே மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. வைரஸ் இல்லை, சூடும் இல்லை. விற்ற கடையில் அசல் அடாப்டர் கொடுக்காமல், முனை பொருந்துகிற ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். சில கம்பெனிப் பெட்டிகள் அடாப்டரின் நடு ஊசி வழியாக அது எத்தனை வாட் என்று கேட்கும், பதில் வராவிட்டால் பத்திரமாக இருக்கட்டும் என்று வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். அசல் அடாப்டர் மாட்டியவுடன் பெட்டி பறந்தது. செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது அடாப்டரும் அதே கம்பெனியா, எத்தனை வாட் என்று கேட்டு வாங்குங்கள்.

ஏஎம்டியில் எதை எடுப்பது?

ஜி-யில் முடிகிறதை எடுங்கள். 5600ஜி, 8500ஜி மாதிரி. ஜிஇ என்று முடிவது அவற்றின் 35 வாட் வடிவம், டி-க்குச் சொன்ன கதையேதான். 5600எக்ஸ் போன்றவற்றில் கோர்கள் ஒரு சில்லு, மெமரியையும் மற்றதையும் பார்த்துக்கொள்வது வேறு சில்லு, இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் சும்மா இருக்கும்போதே கூடுதலாகக் குடிக்கும். ஜி வகையில் எல்லாம் ஒரே சில்லில். பெயருக்கு டிடிபி (பெட்டியில் போடுகிற வாட் எண்) இரண்டுக்கும் 65 வாட்தான்!

ஃபேனே இல்லாத கணினி நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

என்100 அளவு என்றால் தாங்கும். 105 டிகிரி வரை போகலாம் என்று வடிவமைத்த சில்லு அது. அஸ்ராக்கின் என்100டிசி-ஐடிஎக்ஸ், அசுஸின் பிரைம் என்100ஐ-டி மாதிரி போர்டுகள் ஃபேன் இல்லாமல் அலுமினியத் தகட்டோடு மட்டும் வருகின்றன. ஆனால் கூலர் என்பது அறையின் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். ஐரோப்பாவில் 20 டிகிரி அறையில் வைத்து 65 காட்டியது என்று யாராவது எழுதியிருந்தால், மே மாதம் 37 டிகிரி ஓடுகிற நம் மாடி அறையில் அதே பெட்டி 80-ஐத் தாண்டும். பிராசசர் பிழைத்துக்கொள்ளும், பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற எஸ்எஸ்டிதான் பாவம். டிவி ஸ்டாண்டின் மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், செட்டாப் பாக்ஸ் மேல் வைக்காதீர்கள், மேலே துணி போட்டு மூடாதீர்கள் (அம்மாக்களுக்குச் சொல்லி வையுங்கள், எங்கள் வீட்டில் எம்பிராய்டரி போட்ட துணி இரண்டுமுறை கைப்பற்றப்பட்டது).

35 வாட் வகைக்கு ஃபேன் இல்லாமல் போக ஆசைப்பட்டால் கேஸ் முழுக்கவே அலுமினியத் தகடாக இருக்க வேண்டும், அந்த விலையில் இன்னொரு கணினியே வந்துவிடும். ஒரு நல்ல ஃபேன் மெதுவாகச் சுற்றினால் இரண்டடி தள்ளி உட்கார்ந்தவர் காதுக்குக் கேட்காது. மேலே சீலிங் ஃபேன் சுற்றுகிற வீட்டில் பூஜ்ஜிய டெசிபலுக்காகச் செலவழிப்பது வீண்.

குறைந்த வாட் பிராசசர்தான் போட்டேன், ஆனாலும் சத்தம் வருகிறதே?

ஏனென்றால் சத்தம் போடுவது பிராசசர் இல்லை. 2008-இல் இன்டெல் ஆட்டம் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஆட்டம் 230 வெறும் 4 வாட். அதோடு கொடுத்த 945ஜிசி சிப்செட் (பிராசசருக்குத் துணையாகப் போர்டில் இருக்கும் சில்லு) 22 வாட். இன்டெலின் சொந்தப் போர்டிலேயே பிராசசர் மேல் ஒரு சின்னத் தகடு, சிப்செட் மேல் தகடும் கிர்ரென்று சுற்றும் குட்டி ஃபேனும். ‘4 வாட் கணினி’ என்று வாங்கியவர்கள் அந்தக் குட்டி ஃபேனைக் கழற்றி வேறு மாட்டுவதற்கு அலைந்தார்கள்.

இன்றும் பிராசசரை விட்டுவிட்டு வேறு ஆளைத்தான் பிடிக்க வேண்டும். முதல் சந்தேகம் சின்ன ஃபேன். 40 மில்லிமீட்டர் ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும், அந்தக் கீச்சுதான் காதைக் குடையும். கொஞ்சம் பெரிய கேஸில் 92 அல்லது 120 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 65 வாட் பிராசசரும் அமைதியாக இருக்கும். என்னிடம் இருப்பதிலேயே சத்தம் குறைந்தது நானே கட்டிய சாதாரண 12400 பெட்டிதான், 6 வாட் என்100 பெட்டி இல்லை.

இரண்டாவது, ஃபேன் ஏறி ஏறி இறங்குவது. பிரவுசரைத் திறந்தால் ஒரு நொடியில் சூடு 20 டிகிரி எகிறும், ஃபேன் ஓவென்று எழும், உடனே அடங்கும். ஒரே சீராக வரும் சத்தத்தைவிட இதுதான் எரிச்சல். பயாஸில் ஃபேன் வளைவை (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு) திறந்து 60 டிகிரி வரை தட்டையாக வையுங்கள், வேகத்தைக் கூட்டுவதற்கு முன் சில நொடி தாமதம் கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். பிஎல்2-ஐக் குறைத்தால் இந்த எகிறலே பாதி போய்விடும்.

அப்புறம் ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளையின் ஃபேன், காயில் (மின்சுருள்) அதிர்ந்து முனகுவது. கடைசியாகச் சொன்னதற்கு மருந்து கிடையாது, வாரண்டி இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

24 மணி நேரமும் ஓட்டினால் எவ்வளவு யூனிட்?

ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். இதை வைத்து எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு என்பதால், 8 வாட் பெட்டி இரண்டு மாதத்துக்குச் சுமார் 11.5 யூனிட். பழைய டவர் கணினி சும்மா இருக்கும்போதே 60 வாட் குடித்தால் 86 யூனிட். வித்தியாசம் 75. நீங்கள் 500 யூனிட் எல்லையில் இருப்பவர் என்றால் அதைத் தாண்டியவுடன் கட்டண அட்டவணையே மாறும், அந்த 75 யூனிட் ரொம்பவே வலிக்கும். தினமும் மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டுகிறவர் இந்தக் கணக்கை எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். அப்போது மிச்சம் பத்து யூனிட்டுக்கும் கீழே, அதற்காகப் புதுக் கணினி வாங்காதீர்கள்.

ரூட்டருக்கு வாங்கிய குட்டி யுபிஎஸ்ஸில் என்100 பெட்டி ஓடுமா?

முதலில் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் 3 ஆம்பியர் என்று பல பெட்டிகளில் இருக்கும். ரூட்டர் யுபிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட் 2 ஆம்பியர், அதாவது 24 வாட். சும்மா இருக்கும்போது ஓடும், யுஎஸ்பி டிஸ்க் மாட்டி விண்டோஸ் அப்டேட் ஓடும் நேரத்தில் பொத்தென்று அணையும். 19 வோல்ட் பெட்டியென்றால் நினைக்கவே வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

ராஸ்பெர்ரி பை போதாதா?

பின்களில் சென்சார் மாட்டி விளையாடுகிறவருக்கு அதுதான். மேஜைக் கணினியாக என்றால், பை 5-க்குக் கேஸ், கூலர், 27 வாட் அடாப்டர், எஸ்எஸ்டி மாட்ட ஒரு போர்டு என்று சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வழக்கமான விண்டோஸும் அதில் ஓடாது.

என் கணினி எவ்வளவு குடிக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

பிளக்கில் மாட்டுகிற வாட் மீட்டர் ஒன்று வாங்குங்கள். மென்பொருள் காட்டுவது பிராசசரின் பங்கு மட்டும், சுவரில் இழுப்பதை அது காட்டாது. கணினியை ஆன் செய்து பத்து நிமிடம் விடுங்கள், விண்டோஸ் பின்னணி வேலைகளை முடித்துக்கொள்ளட்டும், அப்புறம் எண்ணைப் பாருங்கள். குட்டிப் பெட்டியில் 15-க்கு மேல் நின்றால் ஏதோ ஒன்று தூங்கவிடாமல் செய்கிறது: மாட்டி வைத்த யுஎஸ்பி டிஸ்க், கூடுதல் டிஸ்க்குக்காகச் செருகிய சாட்டா கார்டு, பயாஸில் அணைத்து வைத்த சி-ஸ்டேட் (பிராசசரைத் தூங்கவிடும் வசதி). ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைப் பாருங்கள். என் பழைய பெட்டியில் 19 காட்டிக்கொண்டிருந்தது, சி-ஸ்டேட்டை ஆன் செய்து, உபயோகமே இல்லாமல் ஒரு வருடமாகச் செருகியிருந்த கார்டு ரீடரைப் பிடுங்கியதும் 11-க்கு வந்து நின்றது.